நாயின் கண் சிவந்தால் எந்தச் சொட்டு? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர்கள் பதிலும்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய்களின் கண்ணைப் பற்றியவை. ஆடிக்காற்று, ரப்பர் ஷீட் கூடம், உண்ணி, வீட்டில் மிச்சம் கிடக்கும் சொட்டு மருந்து என்று காரணங்கள் பலவாக இருப்பதால், ஒரே பதிலாகச் சுருக்காமல் தனித்தனியே தருகிறோம்.

எங்கள் லாப்ரடாருக்கு 4 வயது. ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது. அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருந்த சொட்டு மருந்தை விட்டோம். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. இப்போது கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. பூ விழுந்துவிட்டதா?
- வாசகர், தக்கலை

முதலில் அந்தச் சொட்டை நிறுத்துங்கள். கண்புரை அறுவைக்குப் பின் கொடுக்கும் சொட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பெயர் உள்ளதா என்று பாருங்கள். ஆன்டிபயாடிக்குடன் இவை கலந்து வரும்போது, மருந்தின் பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டெக்ஸ்' என்று ஒரு வால் இருக்கும். அதைக் கவனிக்காமல்தான் பலரும் வாங்குகிறார்கள்.

நடந்தது இப்படி இருக்கலாம். ஒட்டுப்புல்லோ பூனை நகமோ கருவிழியின் மேல்தோலைக் கீறியிருக்கும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும் என்பதால் குணமாவது போலத் தெரியும். ஆனால் அதே மருந்து மேல்தோல் மறுபடி வளர்வதைத் தடுக்கும். கருவிழியின் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளுக்கும் அது துணை போகும். கீறல் குழியாகி, குழி புண்ணாகிவிடும். நீங்கள் பார்க்கும் வெண்மை ஆறிய தழும்பாக இருக்க வாய்ப்பில்லை. தழும்பு வலிக்காது, உங்கள் நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறது. புண்ணைச் சுற்றி நீர் கோத்திருப்பதாலோ சீழ் அணுக்கள் சேர்ந்திருப்பதாலோ வெண்மை தெரியலாம். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

அங்கே முதலில் நடக்க வேண்டியது ஃப்ளோரசின் சோதனை. ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை ஒன்றை நனைத்துக் கண்ணில் தொட்டு, பிறகு கழுவிவிட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் சாயம் ஏறாமல் தெளிவான கரும்பள்ளம் என்று தெரிந்தால் புண் கடைசி மெல்லிய படலம் வரை இறங்கிவிட்டது. எந்த நேரமும் ஓட்டை விழலாம் என்பதால் அது அறுவைக்கான நிலை. நடுவில் பச்சை இல்லை, ஆறுகிறது என்று நினைப்பது இங்கே நேர்மாறான முடிவில் கொண்டுபோய் விடும்.

மேலோட்டமான புண் என்றால் டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சொட்டு ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை. வலிக்கும் இறுக்கத்துக்கும் 1% அட்ரோபின் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை. அட்ரோபின் கண்ணிலிருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். கடும் கசப்பு என்பதால் வாயில் நுரை தள்ளும். பயப்பட வேண்டாம். புண் ஜெல்லி போலக் கொழகொழவென்று கரைய ஆரம்பித்திருந்தால் சொட்டு மணிக்கு ஒரு முறை. கூடவே ஆரோக்கியமான நாயின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையும் சொட்டாக விடுவார்கள். கரைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள்கள் அதில் இயல்பாகவே இருக்கின்றன. அதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை புதிதாக எடுப்பது நல்லது.

கழுத்தில் புனல் போன்ற எலிசபெத் காலர் கட்டாயம். 'பாவம், சாப்பிட முடியவில்லை' என்று கழற்றிய ஐந்து நிமிடத்தில் ஒரு வார வைத்தியம் வீணாகும். காலரின் விளிம்பு மூக்கின் நுனியைத் தாண்டி இரண்டு விரல் நீள வேண்டும்; குட்டையாக இருந்தால் நாய் காலில் தேய்த்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் மறுபடி சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் கீறல் ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். மூடவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்: கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாம் இமைக்குப் பின்னால் சிக்கிய புல் விதை, உள்நோக்கி முளைத்த முடி, உள்ளே மடங்கிய இமை, கண்ணீர்க் குறைவு. ஆழமான புண்ணை நோக்கிக் கருவிழியின் ஓரத்திலிருந்து செந்நிற ரத்தக் குழாய்கள் ஊர்ந்து வருவது ஆறுவதன் அறிகுறி. கண் முன்னைவிட மோசமாகச் சிவந்துவிட்டது என்று பயந்து பழைய சொட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில் நாய் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், குலசேகரம்

தண்ணீர். சலைன் வாங்க ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ போதும். ஒருவர் நாயைப் பிடிக்க, இன்னொருவர் இமைகளை விரித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தாரையாக 20 முதல் 30 நிமிடம் ஊற்ற வேண்டும். இரண்டு குவளை ஊற்றியதும் நாய் திமிறுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அது போதாது. துண்டில் சுற்றிப் பிடித்தால் கால்கள் அடங்கும்.

உங்கள் கூடத்தில் ஆபத்து இரண்டு வகை. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கருவிழியின் புரதத்தையும் உறைய வைக்கிறது. உறைந்த அந்த அடுக்கே ஆசிட் மேலும் இறங்காமல் ஓரளவு தடுக்கும். பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியா இதைவிடக் கொடியது. அது காரம் (ஆல்கலி). கொழுப்பைக் கரைத்துக்கொண்டு சில நிமிடங்களில் கண்ணுக்குள்ளேயே போய்விடும். பலரும் ஆசிட் கேனை மட்டும் பூட்டி வைத்துவிட்டு அம்மோனியா பாட்டிலைத் தரையில் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பூட்டச் சொல்வது இரண்டையும்.

ஒன்றை முறிக்க மற்றொன்றை ஊற்றாதீர்கள். ஆசிட் பட்ட கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீர், அம்மோனியா பட்ட கண்ணில் எலுமிச்சை என்பதெல்லாம் இரண்டாவது தீக்காயம். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் விழுந்திருந்தால் கழுவுவது மட்டும் போதாது. துகள்கள் இமைக்கடியிலும் மூன்றாம் இமைக்குப் பின்னாலும் தங்கிக் கரைந்துகொண்டே இருக்கும். நனைத்த பஞ்சால் துகளை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள்.

காரம் பட்ட கண் சிவக்காமல் வெளிறி வெள்ளையாக இருந்தால் நிம்மதி அடைய ஏதுமில்லை. ஓரத்திலுள்ள ரத்தக் குழாய்களே வெந்துபோனால்தான் அப்படித் தெரியும். சிவந்த கண்ணைவிட அதுதான் மோசம்.

நாயின் கண் சிவந்தால் எங்கள் பக்கத்தில் தேன் விடுவார்கள். சிலர் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவார்கள். செய்யலாமா? தேனீ கொட்டிக் கண் வீங்கினால்?
- வாசகி, மார்த்தாண்டம்

மார்த்தாண்டத்துத் தேனுக்கு எந்தக் குறையும் இல்லை, இடம்தான் தவறு. கூட்டிலிருந்து எடுத்த தேனில் மகரந்தமும் நுண்ணுயிர் வித்துகளும் இருக்கும். கீறல் உள்ள கண்ணில் அவை போகக் கூடாது. நந்தியாவட்டையைக் கிள்ளினால் காம்பில் பால் வரும். அந்தப் பாலும் சேர்ந்தே கண்ணுக்குள் போகிறது. தாய்ப்பால், வெங்காயச் சாறு, கல்லுப்பு கரைத்த நீர் எதுவும் வேண்டாம். எருக்கம்பாலை அறவே தொடாதீர்கள். அது கருவிழியின் உள்ளடுக்கையே கெடுத்து, வலிகூடக் காட்டாமல் பார்வையை மங்க வைக்கும்.

கழுவ வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 100 மில்லி நார்மல் சலைன் பாட்டில் போதும். திறந்ததை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் கொட்டிவிடுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டித் தள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு விஷம் குறையும். ஈரத்துணியில் ஐஸ் சுற்றி ஐந்து ஐந்து நிமிடமாக ஒற்றுங்கள். இமை வீக்கம் பெரும்பாலும் ஒரு நாளில் வடியும். கொடுக்கு கருவிழியிலேயே ஏறியிருந்தால் நீங்கள் தொட வேண்டாம். வாந்தி, வெளிறிய ஈறு, தள்ளாட்டம், மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கண்ணை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஷிட்ஸு, 6 வயது. ஆறு மாதமாக இரண்டு கண்ணிலும் பிசின் போலப் பீளை. ஆன்டிபயாடிக் விட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. கண்ணின் பளபளப்பும் போய்விட்டது.
- வாசகி, நாகர்கோவில்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. இது கண்ணீர் வற்றும் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாயின் எதிர்ப்புச் சக்தியே அதன் கண்ணீர்ச் சுரப்பியை அழிக்கிறது. ஷிட்ஸு, பக், லாசா ஆப்சோ, காக்கர் ஸ்பேனியல், புல்டாக் வகைகளில் அதிகம். கண்ணீரின் நீர்ப்பகுதி குறைந்து சளிப்பகுதி மட்டும் மிஞ்சுவதால் பீளை கயிறு கயிறாக இழுபடும். வறண்ட கண்ணில் கிருமி சேருவது பின்விளைவு. ஆன்டிபயாடிக் அந்தப் பின்விளைவை மட்டும் துடைக்கிறது.

ஷிர்மர் பட்டைச் சோதனை ஒரு நிமிட வேலை. அளவு குறித்த காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் செருகி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் சரி. 10-க்குக் கீழே என்றால் நோய். 5-க்குக் கீழே என்றால் கடுமை. சொட்டு விடுவதற்கும் கண்ணைக் கழுவுவதற்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அளவு பொய்யாகும். அன்று காலை கண்ணில் எதுவும் விடாமல் கூட்டிப்போங்கள்.

மருந்து சைக்ளோஸ்போரின். நாய்களுக்கு வழக்கமான அளவு 0.2%, ஒரு நாளைக்கு இரு முறை. மனிதர்களுக்கென்று மெடிக்கலில் எளிதாகக் கிடைப்பது 0.05% அல்லது 0.1%. அதை வாங்கி விட்டுவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்பவர்கள் நிறைய. சைக்ளோஸ்போரினுக்கு மசியாத கண்ணுக்கு 0.03% டாக்ரோலிமஸ் உண்டு. ஆனால் தோலில் பூசும் டியூபைக் கண்ணில் போடக் கூடாது. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை, இரவில் கண் ஜெல். மருந்து விடுவதற்கு முன் வெதுவெதுப்பான சலைனில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைத்தெடுங்கள். பீளையின் மேல் விட்ட மருந்து கண்ணைத் தொடாது.

இது ஆயுள் முழுக்க விட வேண்டிய மருந்து. நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் சுரப்பி மறுபடி வற்றும். கருவிழியில் கரும்பழுப்புப் படலம் படரும். படர்ந்ததை முழுதாக நீக்குவது கடினம். இன்னொன்று: சல்ஃபா வகை மாத்திரைகளும் கண்ணீரை வற்றச் செய்யும். சமீபத்தில் வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஏதாவது கொடுத்திருந்தால் சீட்டை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஆடி மாதம் வந்தாலே எங்கள் சிப்பிப்பாறைக்கு இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிகிறது.
- வாசகர், ஆரல்வாய்மொழி

காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்றுதான் உங்கள் தெருப் புழுதியையும் கிளப்புகிறது. இரு கண்ணிலும் தண்ணீராக வடிந்து, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பாடும் ஓட்டமும் வழக்கம்போல இருந்தால் வெறும் உறுத்தல். காலை மாலை சலைனில் கழுவுங்கள்; காற்று உரக்க வீசும் வேளையில் கொல்லைப்புறம் கட்டுங்கள். பைக்கின் முன்னால் உட்கார்த்தி வைத்துக் காவல்கிணறு வரை போய்வருவதையும் கொஞ்ச நாள் விடலாம். இரண்டு நாளில் தணியாவிட்டாலும், ஒரு கண் மட்டும் சுருங்கினாலும் தூசி என்று நினைக்காதீர்கள்.

நாட்டு நாய். உடம்பெங்கும் உண்ணி. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு முறை மூக்கில் ரத்தம் வந்தது. இப்போது இரண்டு கண்ணும் சிவந்து நீலம் பாய்ந்தது போல மங்கலாக இருக்கிறது. கண்ணுக்கு என்ன சொட்டு விடலாம்?
- வாசகர், குளச்சல்

சொட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்; முதலில் ரத்தம். இது உண்ணிக் காய்ச்சல், அதாவது எர்லிக்கியா, என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டும். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் இந்தக் கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். அதனால்தான் மூக்கில் ரத்தம். அதே நோய் கண்ணுக்குள்ளிருக்கும் ரத்தக் குழாய் நிறைந்த அடுக்கையும் தாக்கி உள் அழற்சியை உண்டாக்கும். தட்டணு எண்ணிக்கையும் ரத்தப் பூச்சுச் சோதனையும் அல்லது கிட் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 28 நாள். 20 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என்று கணக்கு வரும். சாப்பாட்டோடு கொடுங்கள்; பாலோடு வேண்டாம், கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளிலேயே நாய் எழுந்து ஓடும். அப்போது மாத்திரையை நிறுத்துவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு.

கண்ணுக்கு 1% பிரட்னிசோலோன் சொட்டு தேவைப்படும். தக்கலை வாசகரிடம் நிறுத்தச் சொன்ன அதே இனம்தான். சாயம் போட்டு, புண் இல்லை என்று தெரிந்த பிறகு, கண்ணின் அழுத்தத்தையும் பார்த்துவிட்டு விடுவதால் இங்கே அது மருந்தாகிறது. நாயின் இயல்பான கண் அழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 25 மி.மீ. பாதரசம். உள் அழற்சியில் அது இறங்கும், நடுவிலுள்ள பாவை சிறுத்திருக்கும். அழுத்தம் 30-ஐத் தாண்டி, பாவை விரிந்து, கண் முட்டி நின்றால் அது கிளாக்கோமா. இரண்டிலும் கண் சிவக்கும், மங்கும். உள் அழற்சியில் உதவும் அட்ரோபின், கிளாக்கோமாவில் பார்வையைப் பறித்துவிடும். அதுவும் ஓரிரு நாளுக்குள். அழுத்தம் அளக்கும் கருவி எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. போகுமுன் போனில் கேளுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதே நேர்வழி.

உண்ணியை நாயிடம் மட்டும் தேடாதீர்கள். இந்த வகை சுவர் ஏறும். வெடிப்புகளிலும் ஓட்டுக் கூரையின் இடுக்கிலும் முட்டையிடும். நாய்க்கு எடைக்கேற்ற ஃப்ளூராலனர் மாத்திரை 12 வாரத்துக்கு ஒன்று போதும். வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். சுவர் வெடிப்பைச் சிமென்ட் பூசி அடையுங்கள். மண்ணெண்ணெயும் வாழைக்குப் போடும் குருணை மருந்தும் உண்ணியோடு நாயையும் கொன்றுவிடும்.

சண்டையில் எங்கள் பக் நாயின் கண் வெளியே பிதுங்கிவிட்டது. பிறகு சரி செய்தார்கள். அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்திருக்க வேண்டும்?
- வாசகர், அருமனை

உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் நனைத்த சுத்தமான துணியை மேலே போட்டு, அது காயாமல் பார்த்துக்கொண்டு, முன்காலால் பிறாண்டாதபடி பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மயக்கம் கொடுத்து உள்ளே வைத்து, இமைகளைத் தற்காலிகமாகத் தைத்து 2 முதல் 3 வாரம் விடுவார்கள். பக் வகைக்குக் கண்குழி ஆழமில்லை. பிடரித் தோலை இறுக்கிப் பிடித்தாலே சில நாய்களுக்குப் பிதுங்கும். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப்பட்டை கட்டுங்கள்.

பீகிள் குட்டியின் கண் மூலையில் சிவப்பாக ஒரு சதைக் கட்டி. வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள்.
- வாசகி, கருங்கல்

வெட்ட விடாதீர்கள். அது கட்டியே இல்லை, இடம் பெயர்ந்து வெளியே வந்த மூன்றாம் இமைச் சுரப்பி. கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வருகிறது. வெட்டினால் இன்றைக்கு அழகாக இருக்கும், சில வருடத்தில் நாகர்கோவில் வாசகியின் கடிதத்தை நீங்களும் எழுதுவீர்கள். சவ்வில் பை போலத் தைத்துச் சுரப்பியை உள்ளே வைக்கும் அறுவை உண்டு. அது தெரிந்தவரிடம் செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ. நாய்க்குட்டிக்கும் இரண்டு கண்ணிலும் மஞ்சள் பீளை. எங்களிடமிருந்து ஒட்டியதா?
- வாசகர், பூதப்பாண்டி

மனிதர்களின் மெட்ராஸ் ஐ நாய்க்கு ஒட்டாது. குட்டிக்குத் தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடாத குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சல், இருமல் என்று சேர்ந்து வந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். பாதத் தோல் தடித்தாலும், தலையோ காலோ வெட்டி வெட்டித் துடித்தாலும் சந்தேகம் உறுதியாகும். உடனே காட்டுங்கள்; மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் முடியும் வரை போட வேண்டிய ஊசி அது. ஒரே ஊசியோடு நிறுத்தியதைப் 'போட்டாச்சு' என்று கணக்கில் வைக்காதீர்கள்.

பிறந்து 9 நாளான குட்டிகள். கண் இன்னும் திறக்கவில்லை. ஆனால் இரண்டு குட்டிகளுக்கு மூடிய இமை புடைத்திருக்கிறது.
- வாசகி, திருவட்டாறு

கண் திறப்பது 10 முதல் 14-ஆம் நாளில். அதற்கு முன் புடைத்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. வெந்நீர் ஆறி வெதுவெதுப்பானதும் பஞ்சை நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றி, மூக்குப் பக்கத்திலிருந்து இமைக்கோட்டின் வழியே மெல்ல வருடுங்கள். பெரும்பாலும் மூலையில் சிறு திறப்பு வந்து சீழ் வழியும். சலைனில் கழுவி, மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் களிம்பை ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை போடுங்கள். இல்லையென்றால் இமை மறுபடி ஒட்டும். வருடியும் திறக்கவில்லை என்றால் ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம், குட்டியை எடுத்துப் போங்கள். இரண்டு நாள் தாமதித்தால் கருவிழியே கரைந்துவிடலாம். மற்ற குட்டிகளையும் தடவிப் பாருங்கள். தாயின் மடியைத் துடையுங்கள், சாக்கைத் தினமும் மாற்றுங்கள்.

சொட்டு விடப் போனால் கடிக்க வருகிறது. பாதி மருந்து தரையில்.
- வாசகர், தோவாளை

எதிரே நின்று பாட்டிலை நீட்டினால் எந்த நாயும் பின்வாங்கும். நாயை மூலையில் உட்கார வைத்து, நீங்கள் அதன் பின்னால் மண்டியிடுங்கள். இடது கையால் தாடையை நிமிர்த்துங்கள். பாட்டில் உள்ள வலது கையின் அடிப்பகுதியை நெற்றியில் பதித்து, அதே கையால் மேலிமையை இழுத்து, மேலிருந்து ஒரே சொட்டு. அதற்கு மேல் கண்ணில் தங்காது. மூன்று சொட்டு விடுவது காசை வழித்தெறிவது. தலையோடு கை சேர்ந்திருப்பதால் நாய் அசைந்தாலும் நுனி கண்ணைக் குத்தாது. நுனி கண்ணையோ முடியையோ தொடக் கூடாது.

இரண்டு மருந்து என்றால் ஐந்து நிமிட இடைவெளி. களிம்பு எப்போதும் கடைசி. விட்டதும் ஒரு துண்டு மீனோ பிஸ்கட்டோ கொடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தானே வந்து உட்காரும். இதுவரை கடிக்காத நாய் கண்ணைத் தொட்டதும் கடிக்க வந்தால் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வலி கூடியிருக்கிறது. மருத்துவரிடம் சொல்லி வலி மருந்து வாங்குங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு ஆகாது. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்து, 28 நாள் ஆனதும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் குப்பையில் போடுங்கள்.